பத்தரை அடி ஆசை

நம் சங்கங்களில் ஒரு பழைய தந்திரம் உண்டு. யார் அதிகம் குறை சொல்கிறாரோ, அவரையே பிடித்துப் பொறுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். வேலை நடக்கிறதோ இல்லையோ, வாய் அடங்கிவிடும். எங்கள் ஊர் கோல்ஃப் கிளப்பின் கிரீன் கமிட்டிக்கு நான் வந்து சேர்ந்தது இப்படித்தான். என் ஹேண்டிகேப் 24. அதாவது, 24 ஷாட் சலுகை வாங்கிக்கொண்டும் தோற்கிறவன். அப்படிப்பட்டவன் 18 கிரீன்களுக்கு அதிகாரி ஆனேன். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற எனக்குப் புல்லைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது பச்சையாக இருக்கும் என்பது மட்டும்தான். அந்த ஒன்றையும் பொய்யாக்கிக் காட்டினேன்.

கோல்ஃப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் புல்தரைதான் கிரீன். அங்கே பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, பட்டரால் மெல்லத் தட்டி உருட்டுவார்கள். தட்டிய பந்து அந்தத் தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது ஸ்பீடு. தொலைவிலிருந்து பறந்து வரும் பந்து கிரீனில் விழுந்ததும் பதிந்து நிற்கிறதா, துள்ளி ஓடுகிறதா என்பதை வைத்துத் தரை மெத்தா கெட்டியா என்று சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். ஈரத்தில் மெத்தென்று இருக்கும் கிரீனையும் குட்டையாக வெட்டி ரோலர் ஓட்டினால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்து கெட்டியாகிக் கிடக்கும் கிரீனில் புல் கொஞ்சம் வளர்ந்திருந்தால் பந்து தவழும். இது எனக்குப் புரிய ஒரு கோடை முழுக்க ஆயிற்று. படிப்புக்கான கட்டணத்தைப் புல் கட்டியது.

ஆரம்பம் வாய்க்கொழுப்புதான். ஏப்ரல் மாதத்தில் தொலைக்காட்சியில் அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டி பார்த்துப் பார்த்து, கண்ணாடி மேல் ஓடுகிற பந்துதான் நல்ல பந்து என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. ஒரு நாள் பெங்களூரிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவர், ஆட்டம் முடிந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டே, “உங்க கிரீன் எத்தனை ஓடும் சார்?” என்று கேட்டார். “பத்தரை” என்றேன். அந்த நிமிடம் வரை எங்கள் கிரீனை ஒருவரும் அளந்ததில்லை. அளக்காமலே அளந்துவிட்டேன். அவர் புருவத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். நல்ல மனிதர், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பத்தரை என்றால் பத்தரை அடி. ஸ்டிம்ப்மீட்டர் என்கிற எளிய கருவி சொல்லும் கணக்கு இது. எளிது என்றால் அவ்வளவு எளிது: 36 அங்குல நீளத்தில் ஓர் அலுமினியப் பட்டை, அதன் நடுவே பந்து உருள ஒரு பள்ளம், ஒரு முனையிலிருந்து 30 அங்குலத்தில் பந்தை வைக்க ஒரு வெட்டு. பந்தை வெட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்கினால், கிட்டத்தட்ட 20 பாகை சாய்வு வந்ததும் பந்து தானாகவே விடுபட்டு உருளும். யார் தூக்கினாலும் பந்து ஒரே வேகத்தில் இறங்கும். தரையில் எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுவே அந்த கிரீனின் ஸ்பீடு.

இதைக் கண்டுபிடித்தவர் எட்வர்ட் ஸ்டிம்ப்சன். 1935-ல் மாசசூசெட்ஸ் மாநில அமெச்சூர் பட்டம் வென்றவர். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டி பென்சில்வேனியாவின் ஓக்மாண்ட் மைதானத்தில் நடந்தது. அதில் பெரிய ஆட்டக்காரரான ஜீன் சாரசன் தட்டிய பந்து கிரீனைத் தாண்டி ஓடிப்போனதை இவர் பார்த்தார். ஆட்டக்காரர் தப்பா, தரை தப்பா என்று சண்டை போடாமல், அளந்து பார்த்துவிடலாம் என்று மரத்தில் ஒரு கருவி செய்தார். அந்தப் போட்டியில் நான்கு சுற்றுக்கும் சேர்த்து 300-க்குள் முடித்தவர் ஒருவர்தான், வென்ற சாம் பார்க்ஸ், 299. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970-களில் ஸ்டிம்ப்சனின் மரக் கருவியை அலுமினியத்துக்கு மாற்றி, 1978-ல் மைதானப் பராமரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. கொடுக்கும்போதே சொன்னார்கள்: ஒரே மைதானத்தின் கிரீன்கள் ஒன்றுக்கொன்று சமமாக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளத்தான் இது, ஒரு கிளப்பை இன்னொரு கிளப்போடு ஒப்பிட அல்ல.

யார் கேட்டார்கள்? ஆண்கள் கையில் ஓர் எண் கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று அந்தச் சங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் அவர்கள் அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான மைதானங்களை அளந்தபோது கிடைத்த சராசரி வெறும் ஆறரை அடி. அகஸ்டாவே எட்டு அடிக்குக் கொஞ்சம் கீழேதான். பயங்கரம் என்று பேர் வாங்கிய ஓக்மாண்ட் பத்தைக்கூடத் தொடவில்லை. இப்போது பெரிய போட்டிகளில் 12-ஐத் தாண்டுவது சகஜமாகிவிட்டது, அது வேறு கதை. நான் பெங்களூர்க்காரரிடம் சொன்னதன் பொருள் என்னவென்றால், தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்கிற எங்கள் கிரீன், 1970-களின் ஓக்மாண்டை முந்திவிட்டது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. படிக்கும்போது அறையில் வேறு யாரும் இல்லை, அதுவரை பிழைத்தேன்.

சொன்ன பொய்யை உண்மையாக்க ஒரு ஸ்டிம்ப்மீட்டர் வரவழைத்தேன். முதல் அளவிலேயே ஒன்பதரை வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த கேடி தயங்கித் தயங்கி, “சார், டேப்பைப் பட்டையோட கீழ்முனையிலேருந்து பிடிக்கணும். நீங்க மேல்முனையிலேருந்து பிடிச்சிருக்கீங்க” என்றார். பெட்டிக்குள் இருந்த தாளில் படம் போட்டிருந்ததாம். அவர் படம் பார்த்திருந்தார், நான் பார்க்கவில்லை. பட்டையின் மூன்றடியைக் கழித்தோம். ஆறரை நின்றது.

அடுத்து, இடத்தை மாற்றினேன். சமமான இடத்தில் அளக்க வேண்டும், மூன்று பந்து ஒரு திசையில், அதே மூன்று பந்து எதிர்த்திசையில் உருட்டிச் சராசரி பார்க்க வேண்டும் என்பது முறை. நான் ஏழாவது கிரீனின் சரிவுக்குப் போனேன். இறக்கத்தில் பத்து அடி, ஏற்றத்தில் ஐந்து அடி. கூட்டி இரண்டால் வகுத்தால் ஏழரை! கடன் பிரிவில் இருந்தவனுக்கு இந்தக் கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. சரிவில் இப்படிச் சராசரி பார்த்தால் எண் பொய்யாகப் பெருகும் என்பதும், அதற்கென்று பிரீட் என்ற புல் ஆய்வாளர் ஒரு சூத்திரம் போட்டு வைத்திருக்கிறார் என்பதும் மெதுவாகத்தான் தெரிந்தது. இரண்டு தூரத்தையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பத்தையும் ஐந்தையும் அதில் போட்டால் 6.67. சரிவு எனக்குக் கொடுத்த முக்கால் அடிக்கும் மேலான லஞ்சத்தை சூத்திரம் பறிமுதல் செய்துவிட்டது.

அறிவிப்புப் பலகையில் ஏழரை என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். அழிக்க மனம் வரவில்லை. எண்ணைக் குறைப்பதை விடப் புல்லைக் குறைப்பது எளிது என்று தோன்றியது.

எங்கள் கிரீனில் இருப்பது டிஃப்ட்வார்ஃப் என்ற ரகம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1965-ல் வந்தது. பிள்ளையாருக்கு நாம் சாத்துகிற அருகம்புல்லுக்கும் தென்னாப்பிரிக்கப் புல் ஒன்றுக்கும் பிறந்த கலப்பினம். இதன் பின்னால் வந்த புதிய குட்டை ரகங்கள் மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டினாலும் தாங்கும். டிஃப்ட்வார்ஃப் தாங்காது, நாலுக்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் மூன்று என்றார்கள், நானும் மூன்று என்றேன்.

எங்கள் ஹெட் மாலி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “பங்குனி பொறந்தாச்சு சார். இப்பப் போய்க் கத்தியை எறக்கணுமா?”

“ஏன், அருகம்புல்லுக்கு வெயில் பிடிக்கும்தானே?”

“வெயில் பிடிக்கும் சார். பட்டினி பிடிக்காது.”

வங்கியில் ஃபைலைத் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். இவரும் அந்த ஜாதி என்று முடிவு கட்டி, கத்தியை இறக்கச் சொன்னேன். அவர் சொன்னதில் இருந்த விஞ்ஞானம் இதுதான்: புல்லின் இலைதான் அதன் அடுப்பு. இலையை ஒட்ட வெட்டினால் சமையல் குறையும். சமையல் குறைந்தால் வேர் குட்டையாகும். வேர் குட்டையானால் மேல் மண்ணில் இருக்கிற ஈரத்தை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் மேல் மண்ணின் ஈரத்தையும் எடுத்துவிட்டேன்.

ஏனென்றால் அப்போது எனக்குக் கெட்டித்தரை ஞானம் வந்திருந்தது. ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களில் தரை கெட்டியாக இருக்கும், பந்து துள்ளி ஓடும், அதுதான் அசல் கோல்ஃப் என்று எங்கோ படித்தேன். அங்கே மணல் மண், மெல்லிய ஃபெஸ்க்யூ புல், ஓயாத கடற்காற்று. தரை தானாகவே அப்படி அமைந்தது. நவீன மைதானங்களில் அதைக் கட்டி எழுப்புகிறார்கள். அமெரிக்க சங்கம் 1960-ல் வெளியிட்ட முறைப்படி, அடியில் நான்கு அங்குலம் சரளை, அதன் மேல் ஓரடி ஆழத்துக்கு மணல் கலவை. தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், மணல் கெட்டியாகவே இருக்கும். எங்கள் கிரீன்களோ அந்தக் காலத்தில் பக்கத்து மண்ணைக் குவித்து மேடாக்கியவை. களி கலந்த செம்மண். அதைக் காயப்போட்டால் ஸ்காட்லாந்து வராது, வெடிப்புதான் வரும்.

கெட்டியை அளக்கவும் கருவிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சாலை போடுகிறவர்களுக்காக பேடன் கிளெக் என்பவர் உருவாக்கிய சுத்தியல் ஒன்று. குழாய்க்குள் எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவிட்டு, அது எவ்வளவு திடீரென்று நிற்கிறது என்று கணக்கிடும். பந்து வடிவ முனையை விழவிட்டு, தரை எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கிற இன்னொரு கருவியும் இருக்கிறது. மண்ணின் ஈரத்தைச் சதவீதத்தில் சொல்லும் இரட்டை ஊசி மீட்டரும் இருக்கிறது. இவற்றில் ஒன்றும் எங்களிடம் இல்லை. நான் செருப்புக் குதிகாலால் உதைத்துப் பார்த்தேன். கால் வலித்தால் கெட்டி. கால் வலிக்கும் வரை பம்ப் ஆபரேட்டரைத் தண்ணீர் விடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மாதாந்திர மெடல் போட்டிக்கு முந்தைய நாள் அவரை வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

போட்டி நாளன்று ஏழாவது கிரீன் கதிரடிக்கும் களம் மாதிரி இருந்தது. குழி எங்கே வெட்டுவது என்பதும் அதிகாரியின் உரிமை. சரிவின் நடுவில் வெட்டச் சொன்னேன். மெதுவாக ஓடுகிற கிரீனில் சரிவில் குழி இருந்தால் சுவாரசியம். வேகம் ஏற ஏற, பந்து நிற்கக்கூடிய சரிவின் அளவு குறைந்துகொண்டே போகும். பொதுவாகக் குழியைச் சுற்றி நூற்றுக்கு மூன்றுக்கு மேல் சரிவு வேண்டாம் என்பார்கள். நான் வெட்டச் சொன்ன இடத்தில் எவ்வளவு என்று இன்றுவரை அளக்கவில்லை, அளக்கத் துணிவும் இல்லை. மேல்நோக்கித் தட்டிய பந்து குழியின் வாய் வரை போய், யோசித்து, திரும்பி வந்து தட்டியவர் காலடியிலேயே நின்றது. கீழ்நோக்கித் தட்டியவர்கள் கிரீனுக்கு வெளியே போய்ப் பந்தைத் தேடினார்கள். பின்னால் வந்த குழுக்கள் மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டன. எழுபதைத் தாண்டிய மூத்த உறுப்பினர் ஒருவர் தட்டித் தட்டி அலுத்துப்போய், பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, குழி எங்கே வெக்கறதுன்னு தெரியலைன்னா, குழியே வெக்காம விட்டிருக்கலாமே” என்றார். கோபமில்லாமல் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

கமிட்டி விளக்கம் கேட்டது. நான் எழுதிய கடிதத்தில் உலக வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். 2004 அமெரிக்க ஓப்பன், நியூயார்க் மாநிலத்தின் ஷின்னகாக் ஹில்ஸ். கடைசி நாளில் அங்கேயும் ஏழாவது கிரீன்தான் வில்லன். நன்றாக விழுந்த பந்துகள்கூட நிற்காமல் உருண்டு வெளியேறின. அன்று ஒருவர்கூடப் பாருக்கு, அதாவது மைதானத்துக்கு விதித்த அடிகளின் எண்ணிக்கைக்கு, கீழே அடிக்கவில்லை. அதே மைதானம், 2018, சனிக்கிழமை. மதியம் காற்றும் வெயிலும் சேர்ந்து தரையைக் காய்ச்ச, சில குழிகள் எல்லை மீறிவிட்டன என்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைமை நிர்வாகி மைக் டேவிஸே ஒப்புக்கொண்டார். அன்று தன் 48-வது பிறந்தநாளைக் கொண்டாட வேண்டிய ஃபில் மிக்கல்சன், 13-வது கிரீனில் ஓடிக்கொண்டிருந்த பந்தைத் துரத்திப் போய்த் திருப்பி அடித்து, அந்தக் குழியில் பத்து எழுதிக்கொண்டார். 2015 பிரிட்டிஷ் ஓப்பன், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். காற்றில் பந்துகள் கிரீனில் நிற்காமல் நகர்ந்ததால் மணிக்கணக்கில் ஆட்டத்தை நிறுத்தி, போட்டி திங்கட்கிழமைக்கு நீண்டது. இவ்வளவு பெரியவர்களுக்கே நேரும்போது எனக்கு நேர்ந்தால் என்ன என்பது கடிதத்தின் சாரம்.

எங்கள் கிளப் தலைவர் கடிதத்தை முழுதும் படித்தார். படித்துவிட்டு ஒன்று கேட்டார். “2004-ல ஆட்டத்துக்கு நடுவுல குழாய் வெச்சு அந்த கிரீனுக்குத் தண்ணி தெளிச்சாங்கன்னு படிச்சிருக்கேனே. நீங்க ஏன் தெளிக்கலை?”

பம்ப் ஆபரேட்டர் வீட்டில் இருந்தார் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் கதையைச் சொன்னபோது மனைவி ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். “ஏங்க, மெதுவா ஓடுற தரையிலேயே உங்களுக்குப் பந்து குழியில விழாதே, எதுக்கு வேகமாக்கினீங்க?” கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. வேகமான கிரீனில் சின்னத் தப்பும் பெரிதாகும், திறமைசாலிக்கும் மற்றவருக்கும் உள்ள இடைவெளி விரியும். அந்த இடைவெளியின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவன் நான். என்னை நானே கஷ்டப்படுத்திக்கொள்ள ஊர்ப் பணத்தைச் செலவு செய்திருக்கிறேன்.

பிறகு ஹெட் மாலி பொறுப்பெடுத்தார். கத்தியை ஏற்றினார். ஆணிக் கருவியால் தரையில் துளை போட்டுக் காற்றும் தண்ணீரும் இறங்க வழி செய்தார். சன்னமான மணலை மெல்லிய படலமாகத் தூவித் துளைகளில் இறக்கினார். மேல்தட்டில் சேர்ந்திருந்த செத்த வேரும் தண்டும்தான் பந்தை மெத்தையில் விழ வைக்கின்றன, அதைக் கலைத்து மணலால் நிரப்பினால் தரை தானே கெட்டியாகும், காயப்போட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. போட்டி நாட்களில் மட்டும் ரோலர் ஓட்டினார். கத்தியை இறக்காமலே பந்து கூடுதலாக ஓடியது. இந்தச் சீரமைப்பில் என் பங்கு, தள்ளி நின்றது. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

ஸ்டிம்ப்மீட்டரை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று கவனித்தால், ஸ்டிம்ப்சனின் நோக்கம் அப்படியே அவரிடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை எல்லா கிரீனிலும் சமமான இடம் பார்த்து அளக்கிறார். எண்ணைச் சொல்வதில்லை. “மூணாவது கொஞ்சம் சோம்பல், பதினாலாவது துடுக்கு” என்று சொல்லிவிட்டு, மூன்றாவதில் ரோலரையும் பதினாலாவதில் தண்ணீரையும் ஓட்டுகிறார். இந்தச் சமன் பார்க்கும் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிறுவனாக அவர் வேலைக்குச் சேர்ந்த மைதானத்தில் கிரீனே கிடையாது. நம் நாட்டின் பழைய மைதானங்கள் பலவற்றிலும், இன்றும் சில இராணுவ மைதானங்களிலும் இருக்கிற ‘பிரவுன்’தான் அங்கே. எண்ணெய் கலந்த மணலைத் தட்டையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். தடம் விழுந்த மணலைக் கட்டையால் இழுத்துச் சமன் செய்வது அவர் வேலை. எல்லாப் பிரவுனும் ஒரே மாதிரி ஓடவில்லை என்றால் அடி விழுமாம். 18-ம் ஒன்றுபோல ஓட வேண்டும் என்பதை அவர் அங்கே கற்றிருக்கிறார். நான் தொலைக்காட்சியில் வேறெதையோ கற்றிருக்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. எட்டு அடி ஓடுகிற கிரீன் ஒரு சாதாரண கிளப்புக்கு ஏராளம். அதற்கு மேல் ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர், மின்சாரம், மருந்து, ஆள் கூலி என்று நான்கு இடத்தில் விலை கொடுக்க வேண்டும். நம் வெயிலில் ஐந்தாவதாகப் புல்லையும் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கிளப்பில் யாராவது “எத்தனை ஓடுது?” என்று கேட்டால், எண்ணைச் சொல்லாதீர்கள். முதல் கிரீனும் கடைசி கிரீனும் ஒன்றுபோல ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படி ஓட நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உங்கள் பந்து விழுந்து குழித்த இடத்தை, கிரீனை விட்டு இறங்குவதற்கு முன் சரி செய்துவிடுங்கள். அதற்குக் கமிட்டியில் சேர வேண்டிய அவசியமில்லை. சேராமல் இருப்பது இன்னும் நல்லது.